புதுப்பிப்பு: மகளின்ர இருமலுக்குக் காரணம் பிடிபட்டிட்டுது

போன மாசம் மகளுக்கு விடாத இருமலும் இழுப்பும் எண்டு எழுதினனான் எல்லே, இரத்தத்தில இயோசினோபில் எண்ட ஒரு வகை வெள்ளை அணு கூடக் கிடந்து பிறகு செய்த ரெஸ்டில டொக்ஸோகாரா எண்டு வந்திட்டுது, நாய்க்குட்டியளின்ர குடல்ல இருக்கிற வட்டப்புழு. அதின்ர முட்டை பீயோட மண்ணில விழுந்து ரெண்டு மூண்டு கிழமையில தொத்தக்கூடியதா மாறுமாம், மண் அளைஞ்ச கையை வாயில வைச்சா உள்ள போய்ப் பொரிச்சு ஈரல், நுரையீரல், சிலவேளை கண்ணுக்கும் போகும். மனுசரிட்ட அது பெரிய புழுவா வளராது, அதால மலத்தைச் சோதிச்சும் பிடிபடாது.

எனக்குக் கண்ணை நினைச்சுத்தான் நித்திரையே இல்லை. கண் டொக்டர் விழித்திரை ரெண்டும் சுகம் எண்டவர், அதிலயே அழுதிட்டன். மகளுக்கு அல்பெண்டசோல் எண்ட புழு மருந்து 5 நாள் குடுத்தம், இழுப்புக் குறைஞ்சிட்டுது. எங்கட நாய்க்குட்டிக்கும் பூச்சி மருந்து குடுத்தாச்சு. உங்கட வளவில குட்டி நிண்டா ரெண்டு கிழமை வயசிலயே மருந்தைத் தொடங்குங்கோ.