படத்தில் புரியாத கோடு: எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கோட்டை ஆராய்வதற்கு முன் எக்ஸிஃப் தகவலைத் திறங்கள், அதாவது படக் கோப்புக்குள் கேமரா பதிந்துவைக்கும் விவரங்களை. ஷட்டர் எத்தனை நொடி திறந்திருந்தது, லென்ஸின் குவியத்தூரம் எவ்வளவு என்று தெரியாமல் சொல்வதெல்லாம் வெறும் ஊகம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அவை அழிந்திருக்கும். மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

இரவு வானப் படமென்றால் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். கோட்டில் சம இடைவெளியில் பளிச்சென்ற புள்ளிகள் இருந்தால் விமானம். அதன் விளக்கு ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை மின்னும். 15 நொடிப் படத்தில் பதினைந்தை ஒட்டிப் புள்ளிகள் வந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

*

புள்ளியே இல்லாத கோடுதான் குழப்பும். நடுவில் தடித்து இரு முனையும் கூர்ந்திருந்தால் எரிகல் என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். வெயில் பட்டுச் சில நொடி மின்னும் செயற்கைக்கோளும் அப்படித்தான் பதியும். ஒரு முனையில் பச்சை நிறம் இருந்தால் எரிகல் பக்கம் சாயலாம். அதைவிட உறுதியான சாட்சி, முன்னும் பின்னும் எடுத்த பிரேம்கள். எரிகல் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். செயற்கைக்கோளின் மங்கிய கோடு பக்கத்து பிரேமிலும் தொடரும்.

கணக்கும் உதவும். கேமரா சென்சாரில் ஒரு பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, மி.மீ. குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு எத்தனை வில்நொடி (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்று கிடைக்கும். 6 மைக்ரான், 24 மி.மீ. என்றால் 51.5. அதாவது படத்தின் நடுப்பகுதியில் ஒரு பாகைக்கு 70 பிக்சல். சர்வதேச விண்வெளி நிலையம் உச்சிவானில் நொடிக்கு ஒரு பாகைக்கும் சற்று அதிகமாக நகரும். 10 நொடியில் 700 பிக்சலைத் தாண்டிவிடும். உச்சிவானில் 200 பிக்சலோடு, மங்காமல் சட்டென முடியும் கோடு அதுவாக இருக்க முடியாது.

*

பகல் படத்தில் விளிம்பு மங்கலாக, இருபுறமும் முள் முளைத்தாற்போல் கோடு தெரிந்தால் லென்ஸுக்கு அருகே பறந்த பூச்சி. நொடிக்கு 200 முறை சிறகடிக்கும் ஈ, 1/60 நொடியில் மூன்று நெளிவு விடும். ஷட்டர் நேரத்தோடு நெளிவுகளை எண்ணிப் பாருங்கள், பொருந்தும்.

*

ஒன்று விட்டுப்போயிற்று: கை அசைவு. படத்தில் உள்ள எல்லா விளக்குகளிலும் அதே வளைவு, அதே கொக்கி இருந்தால் அசைந்தது கேமராதான். அந்தக் கோடு துண்டு துண்டாக இருந்தால் மின்விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 துடிப்பு. 1/10 நொடிக்குப் பத்துத் துண்டு.