புதுப்பிப்பு: சமையலறை விளக்கும் அடுப்பு இணைப்பும்

காய் நறுக்கும்போது என் நிழலே மேடையில் விழுகிறது என்றும், இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக் சூடேறுகிறது என்றும் முன்பு கேட்டிருந்தேன், இரண்டும் சரியாகிவிட்டன. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதை அடாப்டர் பிளக் வழியாக 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியதே தவறு என்று விளக்கிய எலக்ட்ரீஷியன், மீட்டர் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கென ஓர் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தினார். இதைத் தள்ளிப்போட்டிருக்கவே கூடாது.

கூரை விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் இருந்ததே நிழலுக்குக் காரணம். மேல் அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி 4000 கெல்வின் (அதிக மஞ்சளோ நீலமோ இல்லாத வெள்ளை ஒளி) எல்.இ.டி. பட்டை பதித்தோம். கீரை ஆய்வதற்காகக் கூடத்து ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, இப்போது மேடையருகிலேயே நின்று ஆய்கிறார். எனக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி. கிரைண்டருக்கான இடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.