புதுப்பிப்பு: யூனிட்டைத் தின்றது கீஸர்தான்

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் பழைய வீட்டில் ப்ரீபெய்ட் மின்சார யூனிட் மாதம் முடியுமுன்னே தீர்ந்துவிடுகிறது என்று மே மாதம் இங்கே புலம்பியிருந்தேன். கீஸரைப் பாருங்கள் என்றீர்கள். சரி என்று கூரைக்குள் ஏறினேன். 150 லிட்டர் தொட்டி; வெளியே போகும் செம்புக் குழாயைத் தொட்டதும் கை சுட்டது. இத்தனை வருடம் கூரைக்குள் இருந்த எலிகளுக்குக் குளிர் காய வைத்திருக்கிறோம்!

மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியன் தெர்மோஸ்டாட்டைத் திறந்தார்: 75 டிகிரி. 60க்கு இறக்கினார். அதற்கும் ரொம்பக் கீழே போனால் நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி வளருமாம். அப்புறம் தொட்டிக்குப் போர்வை, குழாய்க்கு நுரை உறை.

முன்பு நாளுக்கு 22 யூனிட், மூன்று வாரமாக 17. கூரைக்கு இன்சுலேஷன் போடுவது போனஸ் வந்த பிறகுதான். அம்மாவுக்குத்தான் குறை: “தண்ணி முன்ன மாதிரி கொதிக்கலையே!”