பொருள்: மறு: ‘ஈவு’ – பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த உறுப்புக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் உறுப்புக்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில், முந்தாநாள் இரண்டே வரியில் ‘ஈவு’ என்று எழுதிவிட்டுப் போனதற்கு மூன்று மறுப்புகள் வந்திருக்கின்றன. அவசரத்தில் எழுதியது என் பிழை. இப்போது விரிவாக எழுதுகிறேன்.

நமக்கு வேண்டிய சொல் எது என்பதை முதலில் மறுபடி சொல்லிவிடுகிறேன். ஓடாமல் கிடக்கும் மடிக்கணினியைப் பிரிக்கிறோம். அதில் நன்றாக இருக்கும் உறுப்பை எடுத்துச் சோதித்து, வேறொரு கணினியைச் சரிசெய்யப் போடுகிறோம். அந்த உறுப்புக்கு ஒரு பெயர், அதைத் தந்த கணினிக்கு ஒரு பெயர், அந்த வேலைக்கு ஒரு வினை. இவை மூன்றும் வேண்டும்.

சொல் எதுவானால் என்ன, பொருள் புரிந்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. குமரி மாவட்டத்துக் குழித்துறையில் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். போன ஆண்டுக் கையேட்டில் ‘மீட்ட உறுப்புகள்’ என்று ஒரு தலைப்பு போட்டு, நினைவகம், வன்தட்டு, விசிறி, மின்கலம் எல்லாவற்றையும் அதன் கீழே எழுதியிருந்தேன். ஒரு பையன் பழைய பேட்டரியை உடைத்து, உள்ளே இருந்த 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்களில் ஒன்றை எடுத்து நேராக சார்ஜரில் போட்டுவிட்டான். நான் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது அதே பேட்டரியில் அதன் பக்கத்தில் இருந்த செல் 1.1 வோல்ட் காட்டியது. முழுதாக ஏறிய செல் 4.2 வோல்ட் இருக்கும். 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி மாதக்கணக்கில் கிடந்த செல்லுக்குள் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி மின்னேற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். சார்ஜரில் இருந்ததைத் தொட்டேன், கை பொறுக்கவில்லை. இடுக்கியால் எடுத்து மணல் வாளியில் போட்டோம். “மீட்டதுதானே அண்ணே, பின்ன போட்டா என்ன?” என்று கேட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ‘மீட்ட’ என்று எழுதிக்கொடுத்தவன் நான். கழற்றியதற்கும் தேறியதற்கும் நடுவே உள்ள தூரத்தை அந்தச் சொல் காட்டவில்லை.

‘மீட்பு’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினி கெட்டால் மென்பொருளை மறுபடி நிறுவ, வன்தட்டில் ‘மீட்புப் பகுதி’ என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பழைய வன்தட்டை எடுத்தால் அது மீட்பு உறுப்பு, அதற்குள்ளே மீட்புப் பகுதி, அதிலிருந்து செய்வது தரவு மீட்பு. பிள்ளை குழம்பாமல் என்ன செய்வான்? வேறு சொற்களும் சரிவரவில்லை. ‘உதிரி’ புது உறுப்புக்கும் பொது. ‘மறுசுழற்சி’யில் பொருள் உருக்கப்பட்டுத் தன் உருவை இழக்கிறது. தந்த கணினியை ‘வழங்கி’ எனலாம் என்றால், அதைச் சர்வருக்குக் கொடுத்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

‘ஒட்டுறுப்பு, தாய்க்கணினி’ என்ற இணையை மட்டும் மனசில்லாமல்தான் விடுகிறேன். எங்கள் பக்கம் விளைகளில், அதாவது தோட்டங்களில், ரப்பர்க் கன்றுக்கு மொட்டு ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த உவமை உடனே பிடிபடும். இரண்டு நாள் அதையே சொல்லிப் பார்த்தேன். மதர்போர்டும் தாய்ப்பலகைதானே, ‘தாய்க்கணினியின் தாய்ப்பலகை’ என்று எழுத வந்த இடத்தில் நின்றுவிட்டது. அது போக, மொட்டைக் கொடுத்த மரம் உயிரோடு நிற்கும், ஒட்டிய மொட்டு அந்தக் கன்றோடேயே வளர்ந்துவிடும். நம் வேலையில் கொடுத்தது மறுபடி எழுந்திருப்பதில்லை. போட்ட நினைவகத்தையோ நாளைக்கே எடுத்து மூன்றாவது கணினியில் செருகலாம்.

‘கழற்றுறுப்பு’ நல்ல வினைத்தொகை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினைத்தொகைக்குள் முக்காலமும் அடங்கும். கழற்றிய உறுப்பும் அதுதான், கழற்றும் உறுப்பும் அதுதான். தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வரும் பேட்டரியும் கழற்றுறுப்பு ஆகிவிடும். இங்கே காலம் முக்கியம்.

இனி வினைக்கு வருகிறேன். போன வாரம் அக்காள் மகளின் மடிக்கணினிக்கு வைஃபை அட்டை தேடிக் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். “புதுசாண்ணே?” என்றேன். “புதுசு இல்ல மக்ளே, ஒண்ணில இருந்து இளக்கினது. டெஸ்ட் பண்ணியாச்சு, தைரியமா கொண்டு போ” என்றார். திருகாணியைக் கழற்றினாலும் ‘இளக்கு’, பலகையில் பற்றிய ஈயத்தைச் சூடுகாட்டி விடுவித்தாலும் ‘இளக்கு’. எல்லை தாண்டிப் பாறசாலையில் போய்க் கேட்டாலும் இதே வினைதான் மலையாளத்தில் வரும். கோவை நண்பர், “இளக்கு என்றால் உருக்கு என்றல்லவா படும்?” என்று கேட்டிருக்கிறார். செடிக்கு அடியில் மண்ணை இளக்கிவிடு என்று எல்லா ஊரிலும் சொல்கிறோமே ஐயா, மண் உருகியா போகிறது? பிடிப்பை நெகிழ்த்துவதுதான் அடிப்பொருள். மேசையில் நாம் செய்யும் இரண்டு வேலையையும் ஒரே சொல் தாங்குகிறது. வினைக்கு ‘இளக்கியெடு’ போதும், புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை.

பெயருக்குத்தான் ‘ஈவு’. அது எனக்கு மேசையில் வைத்தே தோன்றியது. பிள்ளைகள் திருகாணிகளைப் பல்லாங்குழிப் பலகையில்தான் போட்டு வைப்பார்கள். பதினாலு குழி இருப்பதால், எந்த இடத்துத் திருகாணி எந்தக் குழியில் என்று பிரித்து வைக்க வசதி. நீளத் திருகாணியைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கைவைக்கும் தட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும், அதற்காகத்தான் இந்தப் பாடு. அன்றைக்குப் பிரித்தது ஒரு பழைய இலவச மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்தவை எங்கள் ஊர் பரண்களில் நிறையவே கிடக்கின்றன. மேசையில் ஒரு பக்கம் நல்லதெல்லாம், மறுபக்கம் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போவதெல்லாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “இது ஈவு, அது மீதி” என்றாள். கணக்குப் பாடத்தில் வகுத்தால் கிடைப்பது ஈவு, மிஞ்சுவது மீதி. ஈ என்ற வேரும் கொடுத்தலைத்தான் சொல்கிறது. அந்தப் பிள்ளை சொன்னதற்கு மேல் நான் எதையும் சேர்க்கவில்லை.

மறுப்புகளுக்கு வருகிறேன். ‘ஈவுத்தொகை’ பங்குச் சந்தையில் இருக்கிறது என்கிறார்கள். அதுவும் பிரித்துக் கொடுக்கும் பங்குதான், சொல் தன் பொருளை மீறவில்லை. தொல்காப்பியம் ‘ஈ’ என்பதைத் தாழ்ந்தோர் கேட்கும் சொல்லாகவும், ‘தா’ என்பதை ஒத்தோர் சொல்லாகவும், ‘கொடு’ என்பதை உயர்ந்தோர் சொல்லாகவும் பிரிப்பதை ஒருவர் எடுத்துக்காட்டினார். அந்த விதி ஒருவர் வாய்திறந்து கேட்கும்போது பொருந்துவது. ஈதலில் பிறந்த பெயர்ச்சொல்லை அது கட்டாது. மூன்றாவது மறுப்பு என்னுடையதும்தான். விளவங்கோடு பக்கம் மலையாள வழியில் படிக்கும் பிள்ளைக்குக் கணக்கில் ‘ஹரணபலம்’தான் தெரியும், ஈவு தெரியாது. உண்மை. அப்படிப்பட்ட பிள்ளைகள் இருவர் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘இளக்கினது’ என்று தொடங்கி ‘ஈவு’ என்று முடிக்கிறேன். இரண்டு சனிக்கிழமையில் பழகிவிட்டது.

ஒன்று மட்டும் குறைகிறது. அந்த வைஃபை அட்டை செருகியில் சரியாக உட்கார்ந்தது, ஒற்றைத் திருகாணியும் பிடித்தது. கணினியைப் போட்டால், இந்த அட்டைக்கு அனுமதி இல்லை என்று திரையில் ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிட்டது. சில மடிக்கணினிகளில், போட்டதும் முதலில் ஓடும் நிரலான பயாஸில் ஏற்கத்தக்க அட்டைகளின் பட்டியல் இருக்கும், அதில் இல்லாததை உள்ளே விடாது. அட்டை கெட்டதல்ல, பெற்றுக்கொள்ளும் இடம் அதை ஏற்கவில்லை. நினைவகத்திலும் இதே கதைதான். அதன்மேல் ஒட்டிய சீட்டில் ‘பிசி3’ என்று இருந்தால் 1.5 வோல்ட், ‘பிசி3எல்’ என்று இருந்தால் 1.35 வோல்ட்டிலும் ஓடும். குறைந்த வோல்ட்டு மட்டுமே கொடுக்கும் கணினியில் முதலாவதைப் போட்டால் பெரும்பாலும் திரையே வராது. ஆகவே ஈவுக்கு இணையாக ‘ஏற்பு’ வேண்டும். தரும் கணினி ஈவுக்கணினி, பெறும் கணினி ஏற்புக்கணினி, ஒன்றுக்கொன்று பொருந்துவது ஏற்பு.

கையேட்டில் திருத்தி எழுதியிருப்பது இது:

“ஈவுக்கணினியின் பேட்டரியை முதலில் அகற்று. உறுப்பை இளக்கியெடுத்தபின் சோதித்துப் பார். தேறினால்தான் அது ஈவு. தேறாதது மீதி. வீங்கிய பேட்டரியும் 2 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கிய செல்லும் எந்நாளும் ஈவு ஆகா. ஈவைப் பொருத்துமுன் ஏற்புக்கணினியின் ஏற்பைப் பார்.”

கடைசிக்கு முந்தைய வரியில் ‘எந்நாளும்’ போதுமா, இன்னும் அழுத்தமாக வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘மீதி’யை மின்கழிவு என்றே எழுதலாமா என்பதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சட்ட விதிகளில் அந்தச் சொல் முழுக் கணினியையும் குறிக்கிறது. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் எழுதினால் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
குழித்துறையிலிருந்து