மிக்ஜாம் வெள்ளத்துல மருந்துப் பெட்டியோட போனப்ப பார்த்த காசிமேட்டு அண்ணன்

மெடிக்கல் கேம்ப் டீம்ல நான் லாஜிஸ்டிக்ஸ் பார்க்குறேன், அதாவது டாக்டர் வந்து உக்கார்றதுக்குள்ள மருந்து, குடிதண்ணி, ஜெனரேட்டர், வண்டி எல்லாம் அந்த இடத்துல இருக்கணும். 2023 டிசம்பர்ல வியாசர்பாடி பக்கம் போனப்ப பார்த்த ஒரு மனுஷனப் பத்தி சொல்லியே ஆகணும்.

கரண்ட் இல்ல, போன்ல சிக்னல் இல்ல, கணேசபுரம் சப்வே மூழ்கிடுச்சு. காசிமேட்டுலேர்ந்து ஒரு அண்ணன் தன்னோட ஃபைபர் படகை குட்டியானை வண்டியில ஏத்திட்டு வந்தாரு, யாரும் கூப்பிடல, தானா வந்தாரு.

எனக்கு அன்னைக்கு இருந்த பெரிய பயம் டெட்டனஸ் வராம இருக்கப் போடுற டிடி ஊசியும் இன்சுலினும்தான், ரெண்டும் 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். சூடானா கெடும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருதடவ உறைஞ்சுட்டாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த ஐஸ்பேக்க நேரா கேரியர்ல, அதாவது மருந்து கொண்டு போற குளிர் பெட்டியில வைக்கக் கூடாது, வெளிய வச்சு வேர்க்க விட்டு, ஆட்டிப் பார்த்தா உள்ள தண்ணி சலசலன்னு கேக்கணும். நான் ஒவ்வொண்ணா காதுகிட்ட வச்சு ஆட்டிட்டு இருந்தேன், அண்ணன் வந்து "இன்னா தம்பி, ஐஸ காதாண்ட வச்சிகினு கீற?"ன்னாரு. விஷயத்த சொன்னதும், "மீனுக்கும் அதாம்பா, ஐஸு நேரா பட்டா சதை வெளுத்துப்பூடும்"னு சொல்லி மிச்ச பேக்க அவரே எடுத்து ஆட்ட ஆரம்பிச்சுட்டாரு. எத்தனையோ பேருக்கு ட்ரெய்னிங் குடுத்திருக்கேன், இவ்ளோ சீக்கிரம் யாரும் புடிச்சுக்கிட்டதில்ல.

ஓஆர்எஸ் பெட்டிங்கள அடியில அடுக்கி, கேரியர நடுவுல வச்சு கயிறு கட்டினாரு. ப்ளீச்சிங் பவுடர் மட்டும் மருந்தோட வேணாம்னு நான் சொன்னேன், அது அடுத்த நடையில வந்துச்சு. என் மேப்ப அவரு திரும்பிக்கூட பார்க்கல, மொட்டை மாடியில நின்ன பசங்ககிட்ட மேன்ஹோல் எங்கெங்க தொறந்து கிடக்குன்னு கேட்டுக்கிட்டே கழியால தட்டித் தட்டி இடுப்பளவு தண்ணியில முன்னாடி நடந்தாரு, படக இன்ஜின் போடாம கையாலயே தள்ளிட்டுப் போனோம்.

ஒரு வீட்டு மாடியில ஒரு ஆயா இன்சுலின் பாட்டில பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மண்பானைக்குள்ள வச்சிருந்தாங்க. டாக்டர் பார்த்துட்டு, தொறந்த பாட்டில் வெயில் படாம இருந்தா நாலு வாரம் வரைக்கும் தாங்கும், நீங்க பண்ணது சரிதான் ஆயான்னு சொன்னதும் அவங்க முகத்துல ஒரு தெம்பு வந்துச்சு பாருங்க.

அப்புறம் எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவுனப்ப அதே அண்ணன்தான் போன் பண்ணாரு, "எங்க ஆளுங்க வெறுங்கையால அள்றானுங்க, கை எரியுதாம், கிளவுஸ் அனுப்பு தம்பி"ன்னு. எங்க ஸ்டாக்ல இருந்ததெல்லாம் லேட்டக்ஸ், அதாவது இயற்கை ரப்பர் கிளவுஸ், அது எண்ணெய் பட்டா உப்பிக் கிழிஞ்சிடும். பாரிமுனைல கடை கடையா ஏறி எண்ணெய் தாங்குற நைட்ரைல் கிளவுஸா பார்த்து வாங்கி அனுப்பினோம்.

வடசென்னையில கேம்ப் போடுறவங்க மழைக்கு முன்னாடியே நைட்ரைல் வாங்கி வச்சிருங்க, முழங்கை வரைக்கும் வர்ற தடிமனான டைப் கிடைச்சா இன்னும் நல்லது.