ரிக்டர் ஏன் இருட்டில், இசைத்தாளைப் பார்த்து வாசித்தார்?

கேள்வி

ரஷ்யப் பியானோ கலைஞர் ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டரின் பதிவுகளைச் சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். 1958 பிப்ரவரியில் பல்கேரியாவின் சோஃபியா நகரில் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் படைப்பை அவர் வாசித்த பதிவில், அரங்கில் இருப்பவர்கள் விடாமல் இருமுகிறார்கள். சுரங்கள் சில தவறுகின்றன. ஆனாலும் எழுந்து நகர முடியாதபடி அந்த வாசிப்பு ஆளைப் பிடித்துக்கொள்கிறது. அதே மனிதரின் முதிய வயதுக் காணொளிகளிலோ அரங்கு முழுவதும் இருட்டாக இருக்கிறது. பியானோவின் மேல் ஒரு சிறு விளக்கும், அதன் வெளிச்சத்தில் இசைத்தாளும், அருகில் பக்கம் புரட்ட ஓர் ஆளும்தான் தெரிகிறார்கள். எதையும் பார்க்காமல் வாசித்தவர் ஏன் இப்படி மாறினார்? முதுமையின் மறதி என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதானா?

பதில் 1

மறதிக்கும் பங்கு உண்டு என்றாலும், அதைவிடப் பெரிய தொல்லை அவருடைய காதில் இருந்தது. எந்தச் சுரத்தையும் கேட்ட மாத்திரத்தில் இன்னதென்று சொல்லிவிடும் காது அவருக்கு இருந்தது. வயதான பிறகு அது இடம் மாறிவிட்டது. விரல் ஒரு சுரத்தை அழுத்த, காதில் அது ஒரு முழுச் சுரமோ அதற்கு மேலோ உயர்ந்து கேட்கும். மனப்பாடமாக வாசிப்பவருக்கு அடுத்த சுரத்துக்கு வழி காட்டுவது பெரும்பாலும் காதுதான் என்பதால், அது பொய் சொல்லத் தொடங்கிய பின் கண்ணை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் அவரே சொன்ன காரணம் வேறு. தாள் முன்னால் இருக்கும்போதுதான் இசையமைப்பாளர் எழுதியதை எழுதியபடி வாசிக்க முடியும், அதுவே நேர்மை என்றார். இது வெறும் சாக்கு அல்ல என்பதற்கு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ‘இத்தாலியன் கான்செர்ட்டோ’ என்ற படைப்பு ஒன்றே போதும். அதன் இரண்டாம் பகுதி முடிவதற்கு மூன்று பார்களுக்கு (இசைத்தாளில் கோடிட்டுப் பிரித்த தாள அளவுகளுக்கு) முன், ‘எஃப்’ வர வேண்டிய இடத்தில் ‘எஃப் ஷார்ப்’ வாசிப்பதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். அதுவும் நாற்பது ஆண்டுகளாக. தம் தவறு தெரிய வந்ததும், பிற்காலத்தில் வெளியான ஒலித்தட்டில் அதைக் குறிப்பாகவே அச்சிடச் செய்தார். 1950களில் செய்த பதிவிலும் இதே பிழை இருக்கிறது என்பதையும், இத்தனை காலமும் எந்த இசைக் கலைஞரோ ஒலிப்பதிவாளரோ அதைச் சுட்டிக்காட்டவில்லை என்பதையும் அந்தக் குறிப்பு மறைக்கவில்லை. அரை சுர வித்தியாசம். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நம்மில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இருட்டுக்கும் காரணம் இதை ஒட்டியதே. விரல்களையும் முகத்தையும் பார்ப்பது இசையைக் கேட்க உதவாது, கவனத்தைத்தான் சிதறடிக்கும் என்று அவர் கருதினார்.

பதில் 2

மேலே உள்ள பதில் சரியானதே. ஆயினும் ‘மாறினார்’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். இசைத்தாளோடு வாழ்வது ரிக்டருக்கு முதுமையில் வந்த பழக்கம் அன்று. 1915இல் உக்ரைனின் ஜிட்டோமிரில் பிறந்து ஒடெசாவில் வளர்ந்த அவர், ஸ்கேல் (சுர வரிசை) பயிற்சி செய்து முறையாக மேலேறி வந்த பிள்ளை அல்லர். தந்தை தெயோஃபில் ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்த இசை ஆசிரியராக இருந்தும், மகன் தன் போக்கில், கையில் கிடைத்த ஓபரா (இசை நாடக) நூல்களையெல்லாம் பியானோவில் நேராகப் பார்த்து வாசித்தே கற்றுக்கொண்டார். பதின்ம வயதிலேயே ஒடெசா ஓபராவில் ஒத்திகைகளுக்கு வாசிக்கும் வேலையும் அதனால்தான் கிடைத்தது. 1937இல், 22ஆம் வயதில், மாஸ்கோவுக்குப் போய்ப் பியானோ ஆசிரியர் ஹைன்ரிஹ் நெய்கௌஸின் மாணவரானார். 1943 ஜனவரியில் அரங்கேறிய ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் ஏழாவது சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட பியானோ படைப்பை) நான்கே நாட்களில் கற்று முடித்தார் என்றால், தாளைப் பார்த்த உடன் இசையாகக் கேட்கும் அந்தப் பழைய பழக்கம்தான் அதற்குப் பின்னால் இருந்தது.

மற்றவர் பார்வையில் படுவதை அவர் விரும்பாததற்கு வாழ்க்கையிலும் காரணம் தேடலாம். ஆனால் அதை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். 1941இல் ஒடெசாவில் தந்தையை உளவாளி என்று சுட்டுக் கொன்றார்கள். தாய் பின்னர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். தாயும் மகனும் மறுபடி சந்தித்தது 1960இல், ரிக்டர் அமெரிக்கா சென்றபோதுதான். அந்த ஆண்டு அக்டோபரில் சிகாகோவில் இசையமைப்பாளர் பிராம்ஸின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பை) வாசித்து அமெரிக்க மேடையில் முதன்முதலாக ஏறியபோது அவருக்கு வயது 45.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் தாளும் விளக்கும் வந்த பிறகு வாசிப்பு மேம்பட்டது என்று கொள்ளலாமா?

பதில் 3

நான் அப்படிக் கொள்ள மாட்டேன். அதே சோஃபியா கச்சேரியில் இசையமைப்பாளர் லிஸ்டின் ‘ஃபூ ஃபொலே’ என்ற பியானோ படைப்பைக் கேளுங்கள். அந்த வேகத்தில் கண் தாளில் ஓடவே முடியாது. விரல்களுக்குத் தெரிந்தால்தான் உண்டு. விழுந்துவிடுவாரோ என்ற பயமும், விழாமல் போய்ச் சேரும் வியப்பும் பிற்காலப் பதிவுகளில் எனக்குக் குறைவாகவே கிடைக்கின்றன. ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவின் முதல் பகுதியை, மற்றவர்கள் துணியாத அளவுக்கு நிதானமாக அவர் இழுத்து வாசிப்பதை 1957இல் மாஸ்கோவில் கேட்ட கனடியப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் தம்மை மறந்து உட்கார்ந்திருந்தார். அதுவும் விளக்குக்கு முந்தைய ரிக்டர்தான்.

ஆனால் லாபத்தையும் சொல்லியாக வேண்டும். 1986இல், 71 வயதில், சைபீரியா நெடுகிலும் ஆறு மாதங்கள் பயணம் செய்து, கச்சேரி அரங்கே இல்லாத சிற்றூர்களில்கூட அவர் வாசித்தார். கேட்கச் சில பேர், ஒரு பியானோ, ஒரு சிறு விளக்கு: இவை போதும் என்று இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. முழு மனப்பாடத்தை நம்பியிருந்தால் அந்த வயதில் அவர் மேடையை விட்டே விலகியிருப்பார் என்பது என் எண்ணம்.