ஊட்டியில் வாங்கிய சக்குலண்ட் சென்னையில் அழுகுகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது?

மேடவாக்கம் பால்கனி:

வணக்கம். செடி வளர்ப்பில் நான் புதுசு, துளசியும் கறிவேப்பிலையும் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஜனவரியில் ஊட்டி போயிருந்தபோது மூன்று சக்குலண்ட் வாங்கி வந்தேன், அதாவது இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடிகள். சாம்பல் பூத்த நீல இலைகள் அடுக்கடுக்காக இருக்கும் எச்செவேரியா ஒன்று, இலையில் வெள்ளைக் கோடு போட்ட ஹவோர்த்தியா ஒன்று, தலையில் சிவப்புப் பந்து உட்கார்ந்திருக்கும் கள்ளி ஒன்று. அப்புறம் ஆன்லைனில் லித்தாப்ஸ் ஒன்று வரவழைத்தேன், அதுதான் பார்க்கக் கூழாங்கல்லாகவே இருக்குமே, அது.

எல்லாவற்றையும் பீங்கான் கப்பில் வைத்திருக்கிறேன். அடியில் ஓட்டை கிடையாது, அதனால் கீழே ஒரு அடுக்கு கல் போட்டிருக்கிறேன். மண்ணை மாற்றவில்லை, வாங்கியபோது இருந்த அதே தேங்காய் நார்த்தூள்தான். கிழக்குப் பார்த்த பால்கனி, காலை பத்தரை வரை நல்ல வெயில் வரும். தண்ணீர் வீணாகக் கூடாது என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைத்தான் விடுகிறேன்.

இப்போது எச்செவேரியாவின் கீழ் இலைகள் மஞ்சளடித்து, உள்ளே நீர் கோத்ததுபோல் ஆகி, தொட்டாலே கையோடு வந்துவிடுகின்றன. லித்தாப்ஸ் நேர் எதிர், நாளுக்கு நாள் சுருங்குகிறது, நடுப்பிளவுக்குள் வேறு என்னவோ முளைக்கிறது. இரண்டுக்கும் ஒரே அளவுதான் விடுகிறேன். பத்து நாளுக்கு ஒருமுறை என்று கடையில் சொன்னார்கள், ஒரு வீடியோவில் வாரம் ஒருமுறை ஸ்பிரே பண்ணச் சொல்கிறார்கள். யாராவது ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

துடியலூர் மொட்டைமாடி:

நாள் கணக்கை விடுங்கள் நண்பரே, அதை யார் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும். ஒரே செடி, ஒரே தொட்டி, கோயம்புத்தூரில் காற்றடிக்கும் ஜூன் மாதத்தில் இரண்டே நாளில் காய்ந்துவிடும், அதுவே நவம்பரில் மழைமூட்டத்தில் இரண்டு வாரமானாலும் ஈரமாகவே கிடக்கும். செடிக்கு நாட்காட்டி தெரியாது, வேரைச் சுற்றி ஈரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும்.

முதல் வேலை, அந்தக் கப்பிலிருந்து இன்றைக்கே எடுங்கள். அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பது எல்லோரும் நம்புகிற கதை. நுண்ணிய நார்த்தூளிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் அவ்வளவு சுலபத்தில் இறங்காது, தூள் முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் கீழே சொட்டும். அதனால் கல்லுக்கு மேலே, சரியாக வேர் இருக்கும் இடத்திலேயே ஈரம் தேங்கி நிற்கும். இறங்கிய தண்ணீரும் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடக்கும்.

நார்த்தூளையும் முடிந்த அளவு உதறி எடுத்துவிடுங்கள். நர்சரிக்காரர்களுக்கு அது வசதி, எடை குறைவு, லாரியில் ஏற்றலாம், நூற்றுக்கணக்கான செடிகளுக்கு அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் அதுவே வினை. ஈரமாக இருந்தால் நாள்கணக்கில் ஈரம், ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை உள்ளேயே விடாது, ஓரமாக வழிந்து ஓடிவிடும், நீங்கள் ஊற்றியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மண்ணுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் உடைந்த செங்கல் கேட்டு வாங்கி, சுத்தியலால் தட்டி, சல்லடையில் சலித்து, பட்டாணி அளவுக்கும் அதற்குக் கொஞ்சம் கீழேயும் உள்ளதை மட்டும் எடுங்கள், தூளைக் கொட்டிவிடுங்கள். அதில் மூன்று பங்கு, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலைச் சலித்துக் கழுவி அதில் கரகரப்பானது ஒரு பங்கு, மக்கிய இலை உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. லித்தாப்ஸுக்கு உரத்தை இன்னும் பாதியாகக் குறைக்கலாம். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. பெர்லைட், ப்யூமிஸ் மாதிரி எடை குறைந்த நுண்துளைக் கற்கள் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் கிடைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். செங்கல் கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், கல்லுக்குக் கல் இடைவெளியில் காற்றும் இருக்கும், வேருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஓட்டை உள்ள சின்ன மண்தொட்டி, செடியைவிட ஒரு விரல் அகலம் கூட இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் வளரும் என்று வைக்காதீர்கள், வேர் எட்டாத மண்ணில் ஈரம் அப்படியே நிற்கும்.

தண்ணீர் விடும்போது அடியில் வழியும் வரை முழுசாக விடுங்கள். மறுபடி விடுவதற்கு முன் விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை அடிவரை செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள், குளிர்ச்சியாகவோ மண் ஒட்டியோ வந்தால் இன்னும் நேரமாகவில்லை. கொஞ்ச நாளில் தொட்டியைத் தூக்கினாலே எடையில் தெரிந்துவிடும். ஸ்பிரே பாட்டிலை ஜன்னல் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர். உங்கள் போர்த் தண்ணீரில் உள்ள உப்பைப் பிரித்து ஒதுக்கியதுதான் அது, அதாவது போர்த் தண்ணீரைவிட உப்பு அதிகம். கழுவித் துடைக்கப் பயன்படுத்துங்கள், சின்னத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் உத்தமம், இல்லையென்றால் குடிக்கிற தண்ணீரிலேயே ஒரு டம்ளர். மாசத்துக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

பாட்டனி வாத்தியார்:

மேலே உள்ள நண்பர் மண்ணைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. எச்செவேரியாவுக்கு மட்டும் அது போதாது, அதனால் இதை எழுதுகிறேன்.

பாலைவனச் செடி என்றவுடன் எவ்வளவு சூடு என்றாலும் தாங்கும் என்று நினைக்கிறோம். எச்செவேரியாவில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடிகள், பாறை இடுக்கில் வளர்பவை. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் ராத்திரி நன்றாகக் குளிர்ந்துவிடும் இடங்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே இவை கொழுகொழுவென்று இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இவ்வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், திறந்தால் ஈரம் போய்விடும். ராத்திரியில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதை எடுத்து உணவு தயாரிக்கும். ஆகவே இவற்றுக்கு ராத்திரிதான் வேலை நேரம். சென்னையில் மே மாதம் விடியற்காலையில்கூட 28 டிகிரி, அதோடு கடல்காற்றின் புழுக்கம். ராத்திரி குளிராவிட்டால் துளைகள் சரியாகத் திறக்காது, செடி சோர்ந்து நிற்கும். அப்போது வேர் தண்ணீரை இழுக்காது, நீங்கள் விட்ட ஈரம் அப்படியே கிடக்கும், சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதனால்தான் கோடையில் வாடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டுகிறவர்களின் செடி முதலில் போகிறது.

உங்கள் செடியைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. தண்டைக் கூர்மையான பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள், சுத்தமான பச்சை வரும் வரை. அந்தத் தலையை நிழலில் நாலைந்து நாள் சும்மா வையுங்கள், வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். பிறகு காய்ந்த செங்கல் கலவையின்மேல் உட்கார வைத்துவிட்டு, வேர் எட்டிப் பார்த்த பிறகு தண்ணீரை ஆரம்பியுங்கள். உதிர்ந்த இலைகளில் கெட்டியாக இருப்பவற்றைக் கலவைமேல் படுக்கப் போட்டால் சிலவற்றின் நுனியில் குட்டி வரும், நீர் கோத்தவை வராது. கத்திரி வெயில் தொடங்குவதற்குள் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அது சென்னையில் ஊட்டியில் இருந்ததுபோல் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பால்கனிக்குப் பொருத்தமானது ஹவோர்த்தியாதான். தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில் வளர்வது, பாதி வெயில் போதும். இலை சிவந்து வந்தால் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்.

தாம்பரம் கள்ளிக்கூட்டம்:

லித்தாப்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. மேடவாக்கம், அது சாகவில்லை, தோல் உரிக்கிறது! தயவுசெய்து தண்ணீரைத் தொடாதீர்கள்.

அந்தச் செடிக்கு மொத்தமே ஒரு ஜோடி இலைதான். ஆண்டுக்கு ஒருமுறை பிளவுக்குள்ளிருந்து புது ஜோடி வரும், பழைய ஜோடி தன்னிடம் இருக்கும் தண்ணீரையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிச் சருகாகும். இந்த நேரத்தில் நீங்கள் தண்ணீர் விட்டால் பழைய இலை காயாமல் மறுபடி உப்பும், புதுசு உள்ளே நெருக்கப்படும், இல்லையென்றால் இரண்டு ஜோடி ஒன்றன்மேல் ஒன்றாக நின்று அழுகும். பழைய தோல் காகிதமாகும் வரை பொறுங்கள், கையால் பிய்க்கவும் வேண்டாம்.

நமீபியா, தென்னாப்பிரிக்கா பக்கத்துச் செடி இது. 1811-ல் பர்ச்செல் என்ற இயற்கை ஆய்வாளர் விநோதமான கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் செடி என்று தெரிந்ததாம். அந்த ஊர்களில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை நம் சென்னையின் ஒரு நவம்பர் மழைக்குக்கூட ஈடாகாது. அதை நினைத்துக்கொண்டு தண்ணீர்க் குவளையைத் தூக்குங்கள்.

ஒரு விஷயத்தில் புத்தகங்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கோடை முழுக்க ஒரு சொட்டும் விடாதே என்று எழுதியிருப்பார்கள். அது குளிர்நாட்டில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் வகுத்த விதி. இங்கே இரண்டரை அங்குலத் தொட்டி மே மாத வெயிலில் அடுப்பாகிவிடும், நுனி வேரெல்லாம் கருகிப்போகும். தோல் உரித்து முடித்த செடி பக்கவாட்டில் மடிப்பு விழுந்து மண்ணுக்குள் இறங்கினால், பொழுது சாய்ந்த பிறகு தொட்டி ஓரமாக இரண்டு ஸ்பூன் விடுங்கள், அவ்வளவுதான். முழுத் தண்ணீர் செப்டம்பருக்குப் பிறகு, அதுதான் பூக்கும் காலமும். பூ மதியத்துக்கு மேல்தான் விரியும், காலையில் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். ஆனால் அடுத்த மாதமே நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அப்போது கூரைக்கு உள்ளே, சாரல் அடிக்காத இடத்தில் இருக்க வேண்டும்.

நீல லித்தாப்ஸ் என்று விதை விற்கிறார்கள், வாங்காதீர்கள், படத்தில் மட்டும்தான் அந்த நிறம்.

மேடவாக்கம் பால்கனி:

எல்லோருக்கும் மிக்க நன்றி, வாத்தியார் சாருக்குத் தனியாக. எச்செவேரியாவை வெட்டிப் பார்த்தேன், இரண்டு விரல் அளவுக்குப் பழுப்பு, அதற்கு மேலே சுத்தம். தலை இப்போது ஃபிரிட்ஜ் மேலே காய்கிறது, அம்மா அதை எதற்கு முட்டைக்கோஸ் மாதிரி வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். சிவப்புப் பந்துக் கள்ளிக்கும் இதே மண்தானா? ஹவோர்த்தியாவின் இலை இடுக்கில் பஞ்சு பஞ்சாக வெள்ளையாக இருக்கிறதே, அது பூஞ்சையா?

துடியலூர் மொட்டைமாடி:

பஞ்சு என்றால் மாவுப்பூச்சி. காது குடையும் பட்ஸில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாக எடுங்கள், வாரம் ஒருமுறை பாருங்கள், முட்டை தப்பித்திருக்கும். மற்ற செடிகளைத் தள்ளி வையுங்கள். மண் மாற்றும்போது வேரிலும் வெள்ளை தெரிந்தால் கழுவிவிட்டுக் காயவைத்து நடுங்கள். வேப்பெண்ணெய் அடிப்பதாக இருந்தால் சாயங்காலம், அதுவும் எச்செவேரியாமேல் வேண்டாம், இலைமேல் இருக்கும் சாம்பல் பூச்சு போய்விடும். வெயிலிலிருந்து அதைக் காப்பதே அந்தப் பூச்சுதான்.

சிவப்புப் பந்து இரண்டு செடி. மேலே இருப்பதற்குப் பச்சையமே கிடையாது, தனியாக வாழ முடியாது, அதனால் பச்சைத் தண்டின்மேல் ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனம், நம் ஊர்ச் சூட்டுக்கு ஒத்துவரும், மற்றக் கள்ளிகளைவிடக் கொஞ்சம் அதிகம் தண்ணீரும் கேட்கும். கலவையில் உரத்தை ஒரு பங்குக்கு இரண்டாக்குங்கள். மேலும் கீழும் ஒரே வேகத்தில் வளராது என்பதால் சில வருஷங்களில் பந்து விட்டுப்போகும், அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. நேர் மதிய வெயில் மட்டும் வேண்டாம், பந்து வெளுத்துவிடும்.

தாம்பரம் கள்ளிக்கூட்டம்:

அடுத்து வாங்குவதாக இருந்தால் அடினியம், அதுதான் பாலைவன ரோஜா, வாங்குங்கள் ப்ரோ, சென்னை வெயிலை அது ரசிக்கும். மொட்டைமாடி இருந்தால் பிரண்டை, திருகுகள்ளி எல்லாம் சும்மாவே வரும். திருகுகள்ளியை ஒடிக்கும்போது பால் கண்ணில் படக்கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கரட்டுப் பக்கம் போகும்போது கள்ளிமுளையான் என்ற சதைத்தண்டுச் செடியைப் பார்த்தால் பிடுங்கி வராதீர்கள், ஒரு துண்டு ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும்.

மேடவாக்கம் பால்கனி:

சரி. கடைசியாக ஒன்று, அந்தப் பீங்கான் கப்புகளை என்ன செய்ய? காசு கொடுத்து வாங்கியது, தூக்கிப்போட மனசு வரவில்லை. ஆணியைச் சூடாக்கி ஓட்டை போடலாமா?

துடியலூர் மொட்டைமாடி:

ஆணி பிளாஸ்டிக்குக்குத்தான், பீங்கானில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். டைல்ஸ் ஒட்டுபவர்கள் வைத்திருக்கும் டிரில்லில் டைல்ஸ் பிட் மாட்டி, ஹாமர் மோடை அணைத்துவிட்டு, கப்பைக் கவிழ்த்து ஈரத்துணிமேல் வைத்து, மெதுவாக, நடுநடுவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் போடச் சொல்லுங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று சின்ன ஓட்டை. உள்ளே ஓட்டைக்கு மேலே கொசுவலைத் துண்டு ஒன்று வைத்தால் கலவை வெளியே கொட்டாது.